ஊட்டிக் குளிரில் லவ் பேர்ட்ஸ்: பல்பும் வேண்டாம், பிராந்தியும் வேண்டாம்

கேள்வி சுருக்கமாக இதுதான். வேலை மாற்றலாகி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறார் ஒரு தம்பி. கூடவே இரண்டு லவ் பேர்ட்ஸும் வந்திருக்கின்றன. கூண்டு பால்கனியில் தொங்குகிறது. டிசம்பர் பிறந்ததிலிருந்து இரவில் இரண்டும் பஞ்சுருண்டைபோல உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றனவாம். கூண்டுக்குள் குண்டு பல்பு எரியவிடலாமா, கம்பளி போர்த்தலாமா, பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னபடி தண்ணீரில் ஒரு சொட்டு பிராந்தி விடலாமா என்று கேட்கிறார். அடுத்த மாதம் இன்னும் ஒரு ஜோடி வாங்கிவரவும் எண்ணமாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூண்டை இன்றைக்கே பால்கனியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பல்பு வேண்டாம். கம்பளி வேண்டுமா வேண்டாமா என்பது அதை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன். பிராந்தி பெரியவரிடமே இருக்கட்டும். புதிய ஜோடியை இந்தப் பனிக்காலம் முடியும்வரை தொடவேண்டாம்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். குன்னூரில் 22 ஆண்டுகளாகப் பறவை வளர்ப்பவன். இந்தக் காலத்தில் குளிரால் செத்த பறவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். குளிருக்குப் பயந்து வளர்த்தவர் செய்த காரியத்தால் செத்தவைதான் அதிகம். அந்தக் கணக்கில் என் கைவரிசையும் உண்டு. அதையும் சொல்லாமல் இருக்கப்போவதில்லை.

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பது பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. ஒல்லியான உடல், நீண்ட வால், முதுகில் அலையலையாகக் கோடுகள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. குட்டை வாலும் பருத்த அலகும் உள்ள அதை ‘ஆப்பிரிக்கன்’ என்று தனிப்பெயரிட்டுத் தனி விலைக்கு விற்பார்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் உங்களுடையவை பட்ஜிகள்தான்.

பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். பாலைவனப் பறவை என்றால் வெயிலில் மட்டும் பிழைக்கும் என்று நினைக்கிறோம். அந்தப் பாலையின் நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே குளிர்காலமான ஜூலையில் சராசரியாகப் பகலில் 20 டிகிரி, இரவில் 4 டிகிரி. சில விடியல்களில் புல்மேல் உறைபனி படியும். ஊட்டியின் ஜனவரியும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அந்தக் குளிரில்தான் காட்டுப் பட்ஜிகள் கூட்டம் கூட்டமாக மரத்தில் இரவைக் கழித்துவிட்டு, காலையில் புல்விதை பொறுக்கக் கிளம்புகின்றன.

அப்படியானால் பால்கனியிலேயே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விடக்கூடாது. காட்டுப் பறவைக்கு இடம் மாறும் உரிமை இருக்கிறது. ஒரு கிளையில் காற்று அடித்தால் மறு கிளைக்குப் போகும். பகலெல்லாம் பறந்து தின்று உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும். அங்கே காற்றில் ஈரமும் இல்லை. உங்கள் பறவையோ கம்பிக்குள் இருக்கிறது. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூண்டில் பெருகத் தொடங்கிய வம்சத்தின் கதை ஏறக்குறைய அங்கிருந்து தொடங்குகிறது. கடையில் நாம் வாங்குவது அந்த வழியில் வந்த வீட்டுப் பிள்ளை. அதிலும் உங்களுடையது மேட்டுப்பாளையத்து வெக்கையில் பொரிந்தது. மேட்டுப்பாளையத்துக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கும் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஒரே நாளில், ஒரே பஸ்ஸில், 12 டிகிரியை உங்கள் பறவைகள் இழந்திருக்கின்றன. பறவையின் உடம்பு குளிருக்குப் பழகும். ஆனால் வாரக்கணக்கில்தான் பழகும்.

இரவில் பறவை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், நாம் என்ன செய்யவேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். அதன் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது. டம்ளர் காபி ஆறுகிற வேகத்தில் அண்டாத் தண்ணீர் ஆறாது அல்லவா? பட்ஜி அந்த டம்ளர். அந்தச் சின்ன உடம்பு சூட்டை வேகமாக இழக்கும். இழக்காமல் இருக்க இறகுகளைச் சிலிர்த்து, அவற்றின் அடியில் ஒரு படலம் காற்றைச் சிறைபிடித்துக்கொள்கிறது. அசையாத அந்தக் காற்றுதான் அதன் போர்வை. இறகில்லாத அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொள்ளும். ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே நிற்கும் காலுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. உடம்பிலிருந்து இறங்கும் சூடான இரத்தமும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுகின்றன. இறங்குகிற சூட்டை ஏறுகிற இரத்தம் வாங்கிக்கொண்டு உடம்புக்கே திரும்பிவிடும். இவ்வளவும் போதாவிட்டால் மார்புத் தசையை நடுக்கிச் சூடு உண்டாக்கும். அந்த நடுக்கத்துக்கு எரிபொருள், மாலையில் தின்ற தீனி.

ஆகவே இரவில் உப்பிக்கொண்டு உட்கார்வது நோயல்ல. உங்கள் பட்ஜிகள் செய்யவேண்டியதைச் சரியாகவே செய்கின்றன. அந்தக் காற்றுப் படலத்தைக் கெடுப்பவை மூன்று: ஊதல்காற்று, ஈரம், அமுக்கம். பால்கனியில் முதல் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றாவதைச் சொல்லும்போது எனக்குப் பேகன் நினைவு வந்துவிடும். பழனி மலைப் பக்கத்து வள்ளல், மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்தான். கொடைக் கணக்கில் அவனுக்கு ஈடில்லை. பறவை வளர்ப்புக் கணக்கில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. போர்வை மேலே விழுந்ததும் சிலிர்த்த இறகு அமுங்கியிருக்கும், அடியிலிருந்த காற்று வெளியேறியிருக்கும், மயிலுக்கு முன்பைவிடக் குளிரெடுத்திருக்கும். பறவையை எதிலும் சுற்றாதீர்கள். போர்வை கூண்டுக்குத்தான்.

இனி என் பழைய குற்றம். குன்னூருக்கு வந்த முதல் ஜனவரி. மூன்று பட்ஜிகள். ஒரு நாள் இரவு குளிர் தாங்கவில்லை. இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கனிந்ததும் ஹாலில் வைத்தேன். ஜன்னல் இடுக்குகளைப் பழைய துணியால் அடைத்தேன். அறை கதகதவென்று ஆனது. பறவைகளுக்கும் சுகமாக இருக்கும் என்று நினைத்துப் படுத்தேன். காலையில் மூன்றும் கூண்டின் தரையில் கிடந்தன. எனக்குத் தலைவலி மட்டும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த மூன்றும் செத்திராவிட்டால் அடுத்த குளிர் இரவில் மறுபடியும் அதையே செய்திருப்பேன். ஒருநாள் நானும் எழுந்திருக்கமாட்டேன்.

பறவையின் சுவாசம் நம்முடையதைப் போன்றதல்ல. நுரையீரலோடு உடம்பெங்கும் காற்றுப்பைகள் இணைந்திருப்பதால், காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல காற்றை நம்மைவிடத் திறமையாக எடுத்துக்கொள்ளும் உடம்பு, நச்சுக் காற்றையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவையைக் கூண்டோடு கொண்டுபோனது இதனால்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890களில் சொன்ன யோசனை அது. கருவிகள் வந்து அந்தப் பறவைகளுக்கு விடுதலை கிடைக்க 1986 ஆயிற்று. நான் என் வீட்டு ஹாலைச் சுரங்கமாக்கிவிட்டேன்.

ஆகவே கூண்டு இருக்கும் அறையில் கரிச்சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி எதுவும் கூடாது. மலையில் எல்லாரும் செய்யும் இன்னொரு தவறு, வீட்டிலேயே சூடான இடம் என்று கூண்டைச் சமையலறையில் வைப்பது. நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் வெறுமனே காய்ந்து சுமார் 260 டிகிரியைத் தாண்டினால், அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். உங்களுக்கு வாசனைகூடத் தெரியாது. இரும்புக் கல்லில் தோசை சுட்டாலும் தாளிப்புப் புகை இருக்கிறது. சமையலறை வேண்டாம்.

இப்போது கம்பளி. பெட்டியின் அடியிலிருந்து எடுத்த கம்பளியில் அந்துருண்டை வாசனை ஒட்டியிருக்கும். வெயிலில் உலர்த்தினாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதைக் கூண்டின்மேல் மூடினால், பறவை இரவு முழுவதும் நாப்தலீனைச் சுவாசிக்கும். இதை யாரும் யோசிப்பதில்லை. அதேபோல, ஊருக்கே பெயர்போன நீலகிரித் தைலம். சளி பிடித்தால் நாம் தடவிக்கொள்கிறோம் என்பதற்காகப் பறவையின் மூக்கிலோ கூண்டுத் துணியிலோ இரண்டு சொட்டு விடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காரம் பறவைக்குத் தாங்காது. வேடிக்கை என்னவென்றால் தைலம்தான் ஆகாதே தவிர, தைல மரத்தின் குச்சி பட்ஜிக்கு மிகவும் பிடிக்கும். அதுவும் ஆஸ்திரேலியக்காரன்தானே! பட்ஜி இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அதே 1840களில்தான் யூகலிப்டஸும் நீலகிரிக்கு வந்து வேரூன்றியது.

கூண்டை எங்கே வைப்பது? வீட்டின் உள் சுவரை ஒட்டி, உங்கள் மார்பு உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவர் இரவில் சில்லிட்டுப்போகும். அதை ஒட்டி வைக்காதீர்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்கும் என்பதால் தரையிலும் வைக்காதீர்கள். ஜன்னலுக்கு எதிராகவோ கதவுக்கு நேராகவோ வேண்டாம். ஊதல்காற்று எங்கே வருகிறது என்று பார்க்க என் வழி எளியது. இரவு பத்து மணிக்குப் புறங்கையை நனைத்துக்கொண்டு, கூண்டு வைக்க நினைக்கும் இடத்தைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். சில்லென்று குத்தும் இடத்தில் காற்று ஓடுகிறது. பழைய ஊட்டி வீடுகளில் கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி நிச்சயம் இருக்கும். மணல் நிரப்பிய துணிக்குழாய் ஒன்றைத் தைத்து அங்கே போட்டால் போதும். ஆனால் அறையை முழுக்க அடைத்துவிடாதீர்கள். எங்காவது உயரத்தில் ஒரு காற்றுவழி திறந்திருக்கட்டும்.

ஈரத்தைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நீலகிரியில் குளிரைவிட அதுதான் பெரிய எதிரி. மூடுபனி இறங்கும் நாட்களில் சுவரே வியர்க்கிறது. கூண்டுத் தட்டில் விரித்த செய்தித்தாள் மாலைக்குள் நமநமத்துப்போகும். சிந்திய தினையும் எச்சமும் அதில் ஊறினால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் நுண்துகள் பறவையின் காற்றுப்பைக்குள் போய் வளரத் தொடங்கினால், குணப்படுத்துவது மிகவும் கடினம். ஆகவே தாளைத் தினமும் மாற்றுங்கள். தீனியை ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். இறுக்கமான டப்பாவில் வையுங்கள். முகர்ந்து பார்த்து மண்வாசனை அடித்தால் எறிந்துவிடுங்கள். பறவை குளிக்க ஆசைப்பட்டால் வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்குமேல் தண்ணீர் வையுங்கள். மதியத்துக்குப் பிறகு குளிக்கவிட வேண்டாம். நனைந்த இறகோடு இரவுக்குள் நுழையும் பறவைக்கு அந்தக் காற்றுப் போர்வை கிடையாது.

மூடும் துணிக்கு என் தேர்வு காடாத்துணி அல்லது பழைய பருத்திப் போர்வை. மேலேயும் மூன்று பக்கமும் மூடி, முன்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குத் திறந்து விடுங்கள். கம்பியோடு ஒட்டாமல் சற்று விலகித் தொங்கினால் இன்னும் நல்லது. இடையில் உள்ள காற்றும் கதகதப்பைக் காக்கும். டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்து எல்லாம் ஈரமாகிவிடும். காலையில் வெளிச்சம் வந்ததும் துணியை எடுத்துவிடுங்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை தூங்கலாம். பட்ஜிக்கு ஞாயிறு தெரியாது, பசி தெரியும்.

உட்காரும் குச்சியையும் ஒருமுறை பாருங்கள். கடையில் கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குழாய்களைக் கழற்றிவிட்டு மரக்குச்சி போடுங்கள். பெருவிரல் பருமன் இருந்தால், விரல்கள் கொஞ்சம் பரந்து படியும். வயிற்று இறகு அவற்றை மூடிக்கொள்ளும். கொய்யா, வேம்பு, முன்பே சொன்ன யூகலிப்டஸ் எல்லாம் நல்லவை. ஆனால் நம் மலைத்தோட்டங்களில் மலிந்து கிடக்கும் பட்டர் ஃப்ரூட் மரத்தின் கிளையை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். அதன் பழம், இலை, பட்டை எல்லாமே பறவைக்கு நஞ்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்போடு பழத்தைக் கொடுத்தால் நீங்கள் மட்டும் சாப்பிடுங்கள்.

பல்பு விஷயத்துக்கு வருகிறேன். 60 வாட் குண்டு பல்பைக் கூண்டுக்குள் தொங்கவிடச் சொல்வது கோழிக்குஞ்சு வளர்ப்பிலிருந்து வந்த பழக்கம். தாய்ச்சூடு இல்லாத குஞ்சுக்கு அது தேவை. வளர்ந்த பட்ஜிக்கு இரவில் பத்து, பன்னிரண்டு மணிநேரம் இருட்டு வேண்டும். விடிய விடிய வெளிச்சம் இருந்தால் தூக்கம் கெடும். பகல் நீண்டுவிட்டது என்று உடம்பு ஏமாந்து, பெட்டை அகாலத்தில் முட்டைக்குத் தயாராகும். பல்பில் தொற்றிக்கொண்டு காலைச் சுட்டுக்கொண்ட பறவையையும், ஒயரைக் கடித்த பறவையையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட மோசமானது மின்வெட்டு. 25 டிகிரியில் இறகைத் தளர்த்தித் தூங்கும் பறவை, அதிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் போய் அரைமணியில் 8 டிகிரிக்கு இறங்கினால் என்ன ஆகும்? சீரான 12 டிகிரியில் இருந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. எல்இடி பல்பு போட்டுவிட்டு, சூடு வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அவர் பறவைகள் நன்றாகவே இருந்தன, சூடு வராததால்.

பழகிய, ஆரோக்கியமான பட்ஜிக்குக் காற்றும் ஈரமும் இல்லாத அறையில் 10 டிகிரி ஒரு பொருட்டல்ல. என் அறையில் ஜனவரி விடியலில் அதுதான் காட்டுகிறது. உங்களுடையவை புதியவை. இந்த ஒரு பனிக்காலத்துக்கு மட்டும் 15 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஊகம் வேண்டாம். ஒரு வெப்பமானியைக் கூண்டின் உயரத்திலேயே மாட்டுங்கள், ஈரப்பதமும் காட்டுவதாக இருந்தால் நல்லது. அறைக்கு ஹீட்டர் வைத்தே தீரவேண்டும் என்றால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை. அது சிவக்காது, காற்றை ஊதாது, மின்சாரம் போனாலும் மெதுவாகத்தான் ஆறும். புது ஹீட்டர் எதுவானாலும் முதல் சில மணிநேரம் பறவையில்லாத அறையில், ஜன்னலைத் திறந்துவைத்து எரியவிடுங்கள். உள்பூச்சு எரிந்து வரும் வாடை அதற்குள் போகட்டும். பறவைக்கென்றே விற்கும் வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர் பல்பு நோயாளிக்கும் கிழப்பறவைக்கும் உதவும். பீங்கான் ஹோல்டரில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு, கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும் படும்படி வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். அறையின் மூலையில் ஜீரோ வாட் பல்பு எரியலாம். இருட்டில் எலி ஓடும் சத்தத்துக்கு மிரண்டு கம்பியில் மோதுவதை அது தடுக்கும்.

இரவுச் சூட்டுக்கு உண்மையான பல்பு தீனிப்பைதான். ஊட்டியில் டிசம்பர் இரவு 12 மணிநேரத்துக்கும் மேல் நீளுகிறது. அவ்வளவு நேரமும் பறவை, கழுத்தடியிலுள்ள அந்தப் பையில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் ஓட்டவேண்டும். மாலை நான்கு மணிக்குக் கிண்ணத்தை ஊதி உமியைப் போக்கிவிட்டுப் புதுத் தீனி போடுங்கள். பலர் உமியைப் பார்த்துவிட்டுத் தீனி நிறைய இருக்கிறது என்று ஏமாறுகிறார்கள். தினைதான் அடிப்படை, கூடவே சாமையும் கம்பும். தினைக்கதிர் கிடைத்தால் மாலையில் ஒன்று தொங்கவிடுங்கள். வள்ளி ஆலோலம் பாடி விரட்டியதை நாம் கூப்பிட்டுக் கொடுக்கிறோம்! சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். குளிர்காலத்தில் ஒரு பறவைக்கு நாளுக்கு நான்கைந்து போதும். காலையில் முருங்கைக்கீரையோ துருவிய ஊட்டி கேரட்டோ வையுங்கள். தொட்டித் தண்ணீர் விடியலில் பல்லைக் கூசவைக்கும் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீர் மாற்றுங்கள். பிராந்தி தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விடும். குடித்தவருக்குச் சூடேறியது போலத் தோன்றும், அவ்வளவுதான். 35 கிராம் உடம்புக்கு ஒரு சொட்டே நஞ்சு.

எப்போது பயப்படவேண்டும்? இரவில் உப்பியிருந்த பறவை, வெயில் வந்த பிறகும் உப்பியே இருந்தால். ஒரு காலை மடக்காமல் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு பகலில் கண்ணை மூடினால். மூச்சுக்கு ஒருமுறை வால் மேலும் கீழும் ஆடினால். குச்சியை விட்டுத் தரையில் உட்கார்ந்தால். பறவை நோயை மறைக்கும் பிராணி. இத்தனையும் வெளியே தெரிகிறது என்றால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பறவை சுறுசுறுப்பாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இரவில் அப்படி நேர்ந்தால், விடியும்வரை ஒரு முதலுதவி. அட்டைப்பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு, ஒரு கோடியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வையுங்கள். பறவை உட்காரும் பக்கத்தில் 30 டிகிரி இருக்கவேண்டும், மறு கோடி சற்றுக் குளிர்ந்திருக்கட்டும். வாயைத் திறந்து இளைத்தாலோ, சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தாலோ சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். தீனியையும் தண்ணீரையும் தரையிலேயே, எட்டும் தூரத்தில் வையுங்கள். வெந்நீர் ஆறிவிடும், நீங்கள் எழுந்து மாற்றத்தான் வேண்டும். காலையில் பெட்டியோடு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். கடைக்காரர் கொடுக்கும் மஞ்சள் நிற மருந்துப் பொடியை நம்பி ஒரு பகலை வீணாக்காதீர்கள்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூண்டில் மண்பானை கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் எல்லாரும் கட்டுவார்கள். அதற்குள் போய்ப் படுத்தால் கதகதப்பாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் பானையைக் கண்டதும் பட்ஜிக்குப் படுக்கை நினைவு வராது, குடும்ப நினைவுதான் வரும். கடுங்குளிரில் முட்டை வைக்கும் பெட்டைக்கு முட்டை வழியிலேயே அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருந்தால் இன்னும் அதிகம். பிப்ரவரி முடியும்வரை பானையைக் கழற்றிவிடுங்கள். கணவாய் ஓடு ஒன்றைக் கம்பியில் செருகி வையுங்கள். பறவைக் கடையில் இல்லாவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேளுங்கள், அதேதான்.

புதிய ஜோடியை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வாங்குங்கள். அப்போது மலைக்கும் கீழூருக்கும் வித்தியாசம் அவ்வளவு உறைக்காது. மழைக்காலம், ஐப்பசி, கார்த்திகை என்று படிப்படியாகக் குளிர் ஏறும்போது அதற்கேற்ப இறகும் அடர்ந்து வளரும். வாங்கும்போது நெற்றிக் கோடு மூக்குவரை இறங்கியிருக்கும் குஞ்சு வேண்டாம். நான்கு மாதம் தாண்டி, நெற்றி தெளிந்ததாகப் பாருங்கள். நண்பகல் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையைத் தவிர்த்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் பழைய ஜோடியின் கூண்டில் விடாமல் ஒரு மாதம் வேறு அறையில் வைத்திருங்கள். கடையில் பச்சைக்கிளி ஒன்றை ஒளித்துக் காட்டினால் வாங்காதீர்கள். அதை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.